2036-இல் திறக்க எந்த பாட்டில்? ஒரே தோட்டத்து இத்தாலியச் சிவப்பு ஒயின்கள், ஒரு அப்பாவின் கணக்கு

என் மகள் பிறந்தது 2016-இல். அவளுக்கு இருபது வயது நிறையும் அன்று, அவள் வயதே ஆன ஒரு ஒயினைத் திறக்க வேண்டும் என்று மருத்துவமனை வராந்தாவில் நின்றபடியே முடிவு செய்துவிட்டேன். மனைவியிடம் சொன்னேன். "அந்தக் காசுக்குத் தங்கம் வாங்கிப் போடுங்க" என்றாள். இன்றைய தங்க விலையைப் பார்த்தால் அவள் சொன்னதுதான் கெட்டிக்காரத்தனம். ஆனால் 2036-இல் தங்கத்தை மட்டன் வறுவலோடு குடிக்க முடியாதே.

வருஷ விஷயத்தில் மகள் அதிர்ஷ்டக்காரி. 2016-இல் இத்தாலியின் பியமோன்தே, டஸ்கனி இரண்டு பக்கமும் திராட்சைக்கு அருமையான பருவம் அமைந்தது. நிதானமாக நீண்ட பருவம், நல்ல வெயில், கடைசி வாரங்களில் குளிர்ந்த இரவுகள். இரண்டு வருஷம் முன்னால் பிறந்திருந்தால் மழையில் தொப்பலாக நனைந்த 2014-உடன் மல்லுக்கட்டியிருப்பேன். 2002-இல் பிறந்த குழந்தைகளின் அப்பாக்களை நினைத்தால் இன்னும் பாவமாக இருக்கிறது. அந்த வருஷம் செப்டம்பரில் ஆலங்கட்டி மழை பியமோன்தேயின் பரோலோ தோட்டங்களை அடித்துத் துவைத்துவிட்டது.

ஆக, வருஷம் தானாக அமைந்துவிட்டது. மிச்சமிருந்தது எந்த ஒயின் என்ற கேள்விதான். ஒதுக்கிய தொகை 600 யூரோ, அதற்கு மேல் ஒரு சென்ட்டும் இல்லை என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். மியூனிக்கில் நாங்கள் இருக்கும் குடியிருப்பின் அடித்தளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் மரச்சட்டம் அடித்த ஒரு தடுப்பு உண்டு, கெல்லர் என்பார்கள். எங்கள் கெல்லரில் குளிர்கால டயர்கள், பெட்டிகள், ஊரிலிருந்து கொண்டுவந்து வோல்டேஜ் பயத்தில் ஓட்டாமலே வைத்திருக்கும் ஒரு வெட் கிரைண்டர். அங்கே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு ஒரு வருஷம் பார்த்தேன். ஜனவரியில் 11 டிகிரி, ஆகஸ்டில் 17. ஏறுவதும் இறங்குவதும் வாரக்கணக்கில் மெதுவாகத்தான். இருட்டு, லேசான ஈரம், அதிர்வு கிடையாது. 12 முதல் 14 டிகிரிக்குள் வருஷம் முழுக்க நிற்பதுதான் லட்சணம் என்றாலும், வாடகை வீட்டுக்காரனுக்கு இது கொழுத்த அதிர்ஷ்டம்.

இருபது வருஷம் தாங்குவது எது?

பெரும்பாலான ஒயின்கள் வாங்கிய இரண்டு மூன்று வருஷத்தில் குடிக்கச் செய்தவை. வைக்க வைக்க அவை செத்துப்போகும். வருஷக்கணக்கில் தாங்க வேண்டுமென்றால் புளிப்பும் துவர்ப்பும் தூக்கலாக இருக்க வேண்டும். ஒயினில் துவர்ப்பைத் தருவது டானின். இங்கே இருப்பவர்களுக்கு அதை விளக்குவது பெரும்பாடு, ஏனென்றால் அவர்கள் துவர்ப்பை ஒரு சுவையாகவே எண்ணுவதில்லை. அறுசுவையில் அதையும் சேர்த்து வளர்ந்த நமக்கு ஒரு வரி போதும்: பச்சைப் பாக்கை மென்றால் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்குமே, அதுதான். வருஷங்கள் போகப் போக இந்த டானின் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கனமாகி, பாட்டிலின் அடியில் மண்டியாகத் தங்கிவிடும். மேலே நிற்கும் ஒயின் பதமாகிவிடும். அதற்கு முன்னால் திறந்தால் பாக்குதான்.

பியமோன்தேயின் நெபியோலோ திராட்சையில் இந்த இரண்டும் ஏராளம். கிளாஸில் பார்த்தால் பரம சாது. நிறம் வெளுத்திருக்கும், கிளாஸுக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்து எழுத்தைப் படிக்கலாம். வாயில் வைத்தால்தான் சங்கதி தெரியும். ரோஜாவும் தாரும் கலந்த வாசனை என்று அதைப் பற்றி எழுதாதவர் இல்லை. நானும் எழுதிவிட்டேன், ஏனென்றால் அப்படித்தான் இருக்கிறது. பரோலோ, பார்பரேஸ்கோ இரண்டுமே நெபியோலோ மட்டும் கொண்டு செய்வது. பரோலோ விற்பனைக்கு வர அறுவடை ஆண்டின் நவம்பரிலிருந்து 38 மாதம் ஆக வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். ரிசெர்வா என்று போட 62 மாதம். பார்பரேஸ்கோவுக்கு 26, ரிசெர்வாவுக்கு 50. அதனால் 2016-இல் முடிவெடுத்த நான் வாங்குவதற்கே வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் ரிசெர்வாக்கள் கடைக்கு வந்தன.

ஒரே தோட்டம் என்றால் எவ்வளவு பெரிய தோட்டம்?

முன்பெல்லாம் பரோலோக்காரர்கள் பல சரிவுகளின் பழத்தைக் கலந்துதான் ஒயின் செய்தார்கள். ஒரு தோட்டத்தின் பெயரை மட்டும் லேபிளில் போட்டு விற்பது 1960-களில்தான் வேர்பிடித்தது. 1961-இல் ப்ருனோத்தோ என்ற தயாரிப்பாளர் புஸ்ஸியா தோட்டத்தையும், வியெத்தி என்பவர்கள் ரோக்கே தோட்டத்தையும் தனியாக பாட்டிலில் அடைத்தார்கள். 1967-இல் பார்பரேஸ்கோவில் காயா குடும்பம் சோரி சான் லொரென்சோ தோட்டத்தைக் கொண்டுவந்தது. அப்புறம் ஆளாளுக்கு ஒரு தோட்டப் பெயர். பார்பரேஸ்கோவில் 2007-இலும் பரோலோவில் 2010-இலும்தான் தோட்டங்களின் எல்லைகளும் பெயர்களும் அதிகாரபூர்வமாகப் பதிவாயின.

அந்தப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பரோலோ வட்டாரத்தில் செர்ரலுங்கா என்ற ஊரின் வீன்யா ரியோந்தா தோட்டம் சுமார் 10 ஹெக்டேர். மொன்ஃபோர்த்தே ஊர்ப் பக்கம் இருக்கும் புஸ்ஸியா கிட்டத்தட்ட 300 ஹெக்டேர்! அதில் மேடு, பள்ளம், கிழக்கு, மேற்கு எல்லாமே உண்டு. இரண்டுக்கும் லேபிளில் ஒரே அந்தஸ்து. அதற்கு மேல், பெயர் போட்ட தோட்டத்தின் பழம் 85 சதவீதம் இருந்தால் சட்டத்துக்குப் போதும். பரோலோ செய்யும் ஜூசெப்பே ரினால்தி குடும்பம் முன்பு ப்ருனாத்தே, லே கோஸ்தே என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்தே லேபிளில் போட்டது. ஒரு பெயர்தான் போடலாம் என்று விதி வந்ததும் ப்ருனாத்தே என்று மட்டும் போட்டுவிட்டு, உள்ளே 15 சதவீதம் லே கோஸ்தேயைத் தொடர்ந்து கலந்துகொண்டார்கள். சட்டத்துக்கும் சரி, பழைய வழக்கத்துக்கும் சரி.

இந்த மோகத்தில் சிக்காத ஒருவரையும் சொல்ல வேண்டும். பர்த்தோலோ மஸ்கரெல்லோ கடைசிவரை நாலு தோட்டங்களின் பழத்தைக் கலந்தே ஒரே பரோலோ செய்தார். 2005-இல் அவர் இறந்த பிறகு மகளும் அதையே தொடர்கிறார். அந்த ஒயின் ஒரே தோட்டத்து ஒயின்கள் பலவற்றைவிட நன்றாகவே முதிர்கிறது. பிறகு ஏன் ஒரே தோட்டம்? எனக்கு ஒரு சுயநலம். மகளைக் கூட்டிக்கொண்டு போய், "உன் ஒயின் இந்தச் சரிவில் விளைந்தது" என்று விரலை நீட்டிக் காட்ட வேண்டும். மியூனிக்கிலிருந்து காரில் ஒரு பகல் ஓட்டினால் பரோலோ விளையும் லாங்கே குன்றுகள் வந்துவிடும்.

முதல் ஆசை: கொந்தெர்னோவின் ஃப்ரான்ச்சா

பரோலோ என்றதும் மனசு முதலில் போவது ஜாக்கமோ கொந்தெர்னோ பக்கம்தான். வெளியில் பழம் வாங்கிச் செய்துகொண்டிருந்த குடும்பம் 1974-இல் செர்ரலுங்காவில் ஃப்ரான்ச்சா தோட்டத்தை வாங்கியது. 1978-லிருந்து அவர்களின் புகழ்பெற்ற மொன்ஃபொர்த்தீனோ ரிசெர்வா அங்கிருந்துதான் வந்தது. பெரிய மரப் பீப்பாய்கள், நீண்ட காத்திருப்பு, எந்த நாகரிகத்துக்கும் அசையாத பிடிவாதம். மொன்ஃபொர்த்தீனோவின் விலை நான்கு இலக்கம், அதைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதே தோட்டத்தின் ரிசெர்வா அல்லாத பரோலோ ஃப்ரான்ச்சா 2016, நான் விசாரித்தபோது முந்நூறு யூரோவை ஒட்டி நின்றது. என் பணத்துக்கு இரண்டு பாட்டில். இருபது வருஷம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, நாற்பதும் தாங்கும்.

ஆனாலும் விட்டுவிட்டேன். காரணம் ஒரு சூடு. சில வருஷம் முன்னால் எங்கள் கல்யாண நாளுக்கென்று ஒரு பெரிய பெயர் கொண்ட பழைய பரோலோவை ஒற்றை பாட்டிலாக வாங்கி ஆறு வருஷம் வைத்திருந்தேன். யார் செய்தது, எங்கே வாங்கினேன் என்பது வேண்டாம். முதல் நாளே நிமிர்த்தி வைத்து, மண்டி அடங்கவிட்டு, விருந்தாளிகள் முன்னால் கார்க்கை உருவினேன். மழையில் நனைந்த சாக்குமூட்டை வாடை. கார்க் கெட்டுப்போன ஒயின் அப்படித்தான் வீசும். கார்க்கில் உருவாகும் ஒரு ரசாயனத்தின் வேலை அது, பாட்டில் மூடியிருக்கும்வரை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியே கிடையாது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு நண்பர் மட்டும், "பழைய ஒயின்னா இப்படித்தான் இருக்கும்போல" என்று நாகரிகமாக ஒரு மிடறு விழுங்கினார். எட்டு யூரோ ஒயினைத் திறந்து விருந்தை முடித்தோம்.

அன்றிலிருந்து ஒரு விதி: முதிர வைக்கும் ஒயினை ஒற்றை பாட்டிலாக வாங்குவதில்லை. இரண்டு பாட்டில் என்றால் ஒன்று காவு போனாலும் ஒன்று மிஞ்சும். ஆனால் இருபது வருஷத்தில் ஒயின் எங்கே நிற்கிறது என்று நடுவில் ஒன்றைத் திறந்து பார்க்க முடியாது. நெபியோலோ நடுநடுவே வாயை மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று வருஷத்துக்கு வாசனையே இல்லாமல் சுருண்டு கிடக்கும், பிறகு மெல்ல எழும். சோதித்துப் பார்க்க உபரி பாட்டில் வேண்டும். ஃப்ரான்ச்சா பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் போகட்டும்.

வீன்யா ரியோந்தாவும் மொன்ப்ரிவாத்தோவும்

பரோலோ வட்டாரத்தின் மண்ணை மோட்டாவாக இரண்டாகப் பிரிப்பார்கள். மேற்கே லா மொர்ரா, பரோலோ ஊர்ப் பக்கம் இளைய மண். அங்கே ஒயின் வாசனையாக, சீக்கிரம் இணக்கமாக வரும். கிழக்கே செர்ரலுங்கா, மொன்ஃபோர்த்தே பக்கம் பழைய மண், கடினமான சுண்ணாம்புக் களி. அங்கே ஒயின் முரடு, ஆயுசு கெட்டி. இதற்கு விதிவிலக்கு ஆயிரம் உண்டு. ஆனால் இருபது வருஷத்துக்கு என்று யாராவது கேட்டால் என் கை தானாகக் கிழக்கே நீளும்.

செர்ரலுங்காவில் வீன்யா ரியோந்தா தெற்கும் தென்மேற்கும் பார்த்த சரிவு, எதிரே நிற்கும் குன்று குளிர்காற்றை மறித்துவிடும். ப்ரூனோ ஜாக்கோசா 1993 வரை இங்கிருந்து எடுத்த பழத்தில் செய்த கொல்லீனா ரியோந்தா இன்று ஏலங்களில் போகும் விலைக்கு நல்லதாக ஒரு பழைய கார் வாங்கலாம். இந்தத் தோட்டத்தில் இன்று எனக்கு எட்டும் பெயர் மஸ்ஸோலீனோ. 1896-இல் ஆரம்பித்த குடும்பம், செர்ரலுங்காவுக்கு மின்சாரம் கொண்டுவந்ததே அந்த முதல் தலைமுறைதான் என்பார்கள். 1982-லிருந்து வீன்யா ரியோந்தாவைத் தனியாக அடைக்கிறார்கள். பெரிய பீப்பாய், ரிசெர்வா, அறுவடை முடிந்து ஆறு வருஷத்துக்குப் பிறகே வெளியீடு. 2016 ரிசெர்வா எனக்கு 150 யூரோவுக்குக் கிடைத்தது. ஒரு தோட்டம் சட்டப்படியும் நிஜத்திலும் ஒரே தோட்டமாக இருப்பது, கிழக்கு மண், அவசரப்படாத கை, மூன்றும் இங்கே சேர்ந்திருக்கின்றன. குறை என்றால், 2036-இலும் இது கொஞ்சம் விறைப்பாகவே இருக்கக்கூடும். இருபது வயதுப் பெண்ணுக்கு அது பிடிக்குமா தெரியவில்லை.

மொன்ப்ரிவாத்தோ இதற்கு நேர் எதிர். கஸ்தில்யோனே ஃபல்லெத்தோ ஊரில், இரு மண்ணும் சந்திக்கிற நடுப்பகுதியில் இருக்கிறது. ஜூசெப்பே மஸ்கரெல்லோ குடும்பம் 1904-இல் வாங்கிய நிலம், 1970 அறுவடையிலிருந்து தனி ஒயின். கிட்டத்தட்ட அந்தத் தோட்டம் முழுக்கவே அவர்கள் கையில். நெபியோலோவிலேயே இன்னும் வெளிறிய நிறம். குடித்தால் தூக்கிவாரிப் போடாது, அரை மணி கழித்து வாசனை மட்டும் அறையில் நிற்கும். மொன்ப்ரிவாத்தோவின் நல்ல பாட்டில் கிடைத்தவர்கள் வேறு பரோலோவைப் பற்றிப் பேச மாட்டார்கள். அந்த 'நல்ல பாட்டில்' என்பதில்தான் எனக்குச் சிக்கல். நான் இதுவரை மூன்று முறை குடித்திருக்கிறேன். இரண்டு முறை சொர்க்கம், ஒரு முறை சாதாரணம். விலையோ வீன்யா ரியோந்தாவுக்கு அக்கா முறை. எனக்காக வாங்குவதென்றால் துணிந்து இதைத்தான் வாங்குவேன். மகளின் நாளுக்குச் சூதாட மனம் வரவில்லை.

பாதிரியார் ஆரம்பித்த கூட்டுறவு

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டேன், கொஞ்சம் நீளமாகவே பேசுவேன். பார்பரேஸ்கோ பரோலோவுக்கு வடகிழக்கே, தனாரோ ஆற்றை ஒட்டியது. உயரம் குறைவு, சற்றே கதகதப்பு, பழம் கொஞ்சம் முந்திப் பழுக்கும். அதனாலேயே பரோலோவின் தங்கச்சி என்று ஓரமாக உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். சந்தை அப்படி நினைக்கும்வரை நமக்கு லாபம்.

அந்த ஊரின் கூட்டுறவு ப்ரொடுத்தோரி தெல் பார்பரேஸ்கோ. ஆல்பா நகர ஒயின் பள்ளியின் தலைவர் தொமீத்சியோ கவாத்சா 1894-இலேயே ஒன்பது தோட்டக்காரர்களைச் சேர்த்து இப்படியொரு கூட்டுறவை நடத்தினார். அது பாசிச ஆட்சிக் காலத்தில் மூடிப்போனது. 1958-இல் ஊர்ப் பாதிரியார் தோன் ஃபியொரீனோ மரெங்கோ 19 சிறு விவசாயிகளைக் கூட்டி மறுபடி ஆரம்பித்தார். முதல் மூன்று வருஷம் ஒயின் செய்தது தேவாலயத்தின் அடித்தளத்தில். இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். நம் ஊர்ப் பக்கம் கூட்டுறவு என்றால் பால் கேனும் உர மூட்டையும்தான் ஞாபகம் வரும். உலகத்தரத்தில் முதிரும் ஒயினை ஒரு கூட்டுறவு செய்கிறது என்றால் முதலில் நானும் நம்பவில்லை.

1967-லிருந்து இவர்கள் தோட்டவாரியாகவும் அடைக்கிறார்கள். அசீலி, ரபயா, மொந்தேஸ்தெஃபனோ, மொந்தேஃபீக்கோ, ஒவெல்லோ, பாயே, போரா, முன்காகோத்தா, ரியோ சோர்தோ என்று ஒன்பது. நல்ல வருஷம் அமைந்தால் மட்டும்தான் ரிசெர்வா, சுமாரான வருஷத்தில் அந்தப் பழமெல்லாம் சாதாரண பார்பரேஸ்கோவுக்குள் போய்விடும். என்னைக் கவிழ்த்தது என்னவென்றால், ஒன்பதையும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். அதே பக்குவம், அதே பெரிய பீப்பாய், அதே காலம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கிளாஸில் தெரியும் வித்தியாசம் மண்ணும் சரிவும் தந்தது மட்டுமே. ஒயின் செய்பவரின் கைவரிசை என்று எதையும் கழிக்க வேண்டியதில்லை. ஒரே தோட்டம் என்ற பேச்சுக்கு இவ்வளவு நேர்மையான சோதனை வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. பின்பக்க லேபிளில் அந்தத் தோட்டத்துச் சொந்தக்காரர்களின் பெயர்களை வரிசையாக அச்சடித்திருப்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் உற்றார் உறவினர் பட்டியல் போல இருக்கும்.

ஒன்பதில் எது? அசீலி நளினம், சீக்கிரமே மனசைத் தொடும். ரபயா சதைப்பிடிப்பு. போரா மென்மை, பத்து வருஷத்திலேயே குடித்துவிடலாம். மொந்தேஸ்தெஃபனோ முறுக்கு, பார்பரேஸ்கோவுக்குள் ஒளிந்திருக்கும் பரோலோ என்று சொல்வதுண்டு. இருபது வருஷக் கணக்குக்கு அதுதான் சரி. 2016 ரிசெர்வா எனக்கு 75 யூரோ. அதாவது ஒரு ஃப்ரான்ச்சா விலைக்கு நாலு மொந்தேஸ்தெஃபனோ.

போன டிசம்பரில் ஒன்றைத் திறந்தோம். காலை பதினோரு மணிக்கு கார்க்கை எடுத்துவிட்டு, அரை கிளாஸ் மட்டும் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை, வாயில் வாழைப்பூவை அப்படியே கடித்த மாதிரி. இரவு எட்டு மணிக்கு அதே பாட்டிலில் காய்ந்த ரோஜா இதழும் ஆரஞ்சுத் தோலும் வந்துவிட்டன. எலும்போடு வேகவைத்த ஆட்டுக்கறி, நெய், மிளகு, பச்சை மிளகாய் கிடையாது. காரம் கூடினால் துவர்ப்பு இரண்டு மடங்காகி வாயே எரியும், கொழுப்பு இருந்தால் அடங்கும். மறுநாள் மிச்சமிருந்த ஒரு கிளாஸ்தான் எல்லாவற்றிலும் சிறந்தது. ஒருநாள் திறந்து கிடந்தும் வாடாமல் மெருகேறிய ஒயின் இன்னும் பல வருஷம் தாங்கும் என்பது என் அனுபவக் கணக்கு. விஞ்ஞானம் இல்லை, ஆனால் இதுவரை பொய்த்ததில்லை.

டஸ்கனியை ஏன் தாண்டினேன்

தாண்டியது வெறும் விருப்பம்தான், ஒயினில் குற்றமில்லை. மொந்தால்சீனோவின் ப்ரூனெல்லோ முழுக்க சாஞ்சோவேஸே திராட்சை, 2016 அங்கேயும் பிரமாதம். அல்தெசீனோ 1975-லிருந்து தனியாக அடைக்கும் மொந்தோசோலி, ஊருக்கு வடக்கே குளிர்ந்த ஒரு குன்று. வெயில் ஏறிக்கொண்டே போகும் இந்தக் காலத்தில் வடக்குச் சரிவு நல்ல யோசனை. நெபியோலோ அளவுக்கு முரண்டு பிடிக்காது, பதினைந்து வருஷத்தில் அழகாக இறங்கிவிடும். பொறுமை இல்லாதவர்களுக்கு பரோலோவைவிட இதுவே உத்தமம் என்று கூசாமல் சொல்வேன்.

இதே மொந்தால்சீனோவில் 2012 டிசம்பரில் ஒரு இரவு, சோல்தேரா என்ற ஒயின் தயாரிப்பாளரின் நிலவறைக்குள் புகுந்த ஒருவன் பீப்பாய்க் குழாய்களைத் திறந்துவிட்டுப் போனான். 2007 முதல் 2012 வரை ஆறு வருஷ ஒயின், அறுபதாயிரம் லிட்டருக்கும் மேல், சாக்கடையில் ஓடியது. அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் கெல்லர் பூட்டை மாற்றினேன். என்னிடம் அப்போது இருந்தது மூன்று பாட்டில்.

கையில் 50 யூரோவுக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் முதிர வைத்துப் பார்க்க வேண்டும் என்பவருக்கு சியெனா அருகே ஃபெல்சினா செய்யும் ரான்ச்சா. 1983-லிருந்து வரும் ஒரே தோட்டத்து கியாந்தி க்ளாசிகோ ரிசெர்வா. என் நண்பர்களில் பாதிப் பேருக்கு இதைத்தான் சொல்கிறேன். தெற்கே தவ்ராசியில் அல்யானிகோ திராட்சையும் வஜ்ரம்தான், மஸ்த்ரொபெரார்தீனோ குடும்பம் செய்த 1968 இன்றைக்கும் பேசப்படும் ஒயின். எத்னா எரிமலைச் சரிவின் நெரெல்லோ மஸ்கலேஸே திராட்சை ஒயின் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அங்கே தோட்டவாரியாக அடைப்பது அண்மைக்கால வழக்கம். இருபது வருஷம் முதிர்ந்ததை நான் ருசித்ததில்லை, அதனால் மகளின் பெயரில் பந்தயம் கட்டவில்லை.

சென்னை மச்சான் கேட்டது

"எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வா, என் பையனும் 2016-தான்" என்றான் மனைவியின் தம்பி. இந்தியாவுக்குள் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை கொண்டுபோகலாம், இரண்டு பாட்டில் தாராளமாக அடங்கும். கொண்டுபோவது சிக்கலே இல்லை. எங்கே வைப்பான்? பீரோவுக்குள் துணிக்கு நடுவே வைப்பதாகச் சொன்னான். மே மாத சென்னை பீரோவில் 35 டிகிரிக்கு ஒயின் வெந்து ஜாம் ஆகிவிடும். சூட்டில் விரிந்து கார்க்கைத் தள்ளும், ஓரமாகக் கசியும், காற்று உள்ளே போகும். இரண்டு கோடை போதும். படுக்கையறை ஏசி இரவில் மட்டும் ஓடுகிறது என்றால் அது இன்னும் மோசம், தினமும் பத்து டிகிரி ஏறி இறங்கும். சாதாரண ஃப்ரிட்ஜ் அளவுக்கு மீறிக் குளிரும், வறண்டும் இருக்கும், இருபது வருஷத்தில் கார்க் காய்ந்துவிடும். ஒயினுக்கென்றே இருக்கும் ஃப்ரிட்ஜ் ஒன்றுதான் வழி, கரண்ட் போனால் தாக்குப்பிடிக்க இன்வெர்ட்டரோடு. அதன் விலைக்கு இன்னும் ஒரு பெட்டி ஒயின் வாங்கலாம்.

அவனுக்கு நான் சொன்னது: உன் பையனுடையதும் என் கெல்லரிலேயே கிடக்கட்டும், 2036-இல் வந்து எடுத்துக்கொள். அதுவரை நான் குடிக்காமல் இருப்பேன் என்று நம்ப வேண்டும், அவ்வளவுதான். இன்னும் பதில் வரவில்லை.

வாங்கியது

மொந்தேஸ்தெஃபனோ நாலு, வீன்யா ரியோந்தா இரண்டு. 300-உம் 300-உம், சரியாக 600. மொந்தேஸ்தெஃபனோ ஒன்று தீர்ந்தது, அடுத்தது 2031-இல், மற்ற இரண்டும் பிறந்தநாளுக்கு. வீன்யா ரியோந்தாவை நடுவில் தொடுவதில்லை. 2036-இல் இரண்டு தோட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பார்த்து, அது இன்னும் விறைத்துக்கொண்டு நின்றால் இரண்டாவது பாட்டில் அவளுடைய முப்பதுக்குப் போகும். மொந்தேஸ்தெஃபனோவை மட்டும் ஆறு, எட்டு என்று வாங்கியிருக்கலாம். கணக்குப்படி அதுதான் புத்திசாலித்தனம் என்பது எனக்கே தெரியும். செர்ரலுங்கா ஆசை விடவில்லை.

ஆறையும் படுக்கைவாக்கில், வெட் கிரைண்டர் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் அடுக்கினேன். உதவிக்கு வந்த மகள், நான் டயரை நகர்த்திக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு வீன்யா ரியோந்தாவின் லேபிள் மேல் ஊதா நிறக் குதிரை ஸ்டிக்கர் ஒன்றை நடுவில் பார்த்து ஒட்டிவிட்டாள். பிய்த்தால் லேபிளும் சேர்ந்து வரும், லேபிள் கெட்ட பாட்டில் ஏலத்தில் பாதி விலைக்குக்கூடப் போகாது. மனைவியிடம் சொன்னேன். "அப்ப இனிமே அதை விக்க முடியாது, இல்ல?" என்று கேட்டுவிட்டு மேலே போனாள்.